பழைய பம்புக்கு நாலு கால்

இருதயமேரி பம்பின் அடிக்குழாய்க்குள் மூக்கை விட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, இன்னொரு குடம் தண்ணீர் கொண்டுவரப் போனாள். ஏற்கனவே ஊற்றிய தண்ணீரெல்லாம் துருவைக் கரைத்துக்கொண்டு செங்காவி நிறத்தில் வெளியே வந்து, ஓட்டல் வாசலில் புதிதாகப் பதித்திருந்த கற்களின் மேல் பரவிக் கிடந்தது.

"போதும் மேரி. பம்புக்கு ஜன்னி வந்துடப் போவுது" என்றான் லாரன்ஸ். அவன் பூவரச மரத்தடியில் வெல்டிங் மெஷினை இறக்கி வைத்து ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"உனுக்கு இன்னா தெரியும்? நாப்பது வருசமா காஞ்சி கெடக்குதுன்னு மொதலாளி சொன்னா நம்பிடுவியா? நீ ராடை வெச்சதும் குப்புனு புடிச்சிதுன்னா அவரா வந்து அணைப்பாரு?"

உண்மையில் பெட்ரோல் வாசனை எதுவும் இல்லை. துருவும் பல்லி எச்சமும்தான் நாறின. ஆனால் இருதயமேரிக்குச் சந்தேகம் என்பது ரேஷன் கார்டு மாதிரி. அது இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டாள். மளிகைக் கடைத் தராசு, மில்லிலிருந்து திரும்பி வரும் மாவு, மாதா கோயில் திருவிழா வரி என்று எல்லாவற்றின் மேலும் அவளுக்கு ஒரு கண் உண்டு. கல்யாணமான புதிதில் லாரன்ஸுக்கு இது எரிச்சலாக இருந்தது. ஒருநாள் அவன் இரும்பு அறுக்கும் கிரைண்டரில் மாட்டியிருந்த சக்கரத்தைத் தட்டிப் பார்த்து, சத்தம் சரியில்லை என்று பிடுங்கி வீசினாள். கீழே விழுந்த சக்கரம் இரண்டாகப் பிளந்தது. அன்றிலிருந்து அவன் அவளை எதிர்த்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டான்.

திருவண்ணாமலை ரோட்டில், மலைக்கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் காபி குடிக்க இறங்கும் இடத்தில் தணிகாசலத்தின் ஓட்டல் இருந்தது. மேலே லாட்ஜ். அவருடைய அப்பா காலத்தில் அதே இடம் பெட்ரோல் பங்க். பிறகு லாரி ஷெட்டாகி, ஷெட்டும் போய் ஓட்டல் வந்தது. பம்பு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. கையால் அடிக்கிற பம்பு. உச்சியில் பெரிய கண்ணாடி உருளை. அடித்த பெட்ரோல் அதில் ஏறி நிற்கும். வாங்குகிறவர் அளவைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கண்ணாடியையும் அதற்கு மேலிருந்த இரும்புத் தொப்பியையும் நாலு குழாய்கள் தாங்கின. நாலும் துருவேறி, விரலால் அழுத்தினாலே பொருக்கு உதிர்ந்தது. சென்னையில் யாரோ ஒருவன் பம்பை விலைக்குக் கேட்டிருந்தான். குழாய்களை மாற்றினால்தான் அதை லாரியில் ஏற்ற முடியும்.

லாரன்ஸ் கூலி கேட்டபோது, பேரத்தில் அடிபடும் என்று கொஞ்சம் ஏற்றியே கேட்டான். தணிகாசலம் "சரி, நாளைக்கே வா" என்றுவிட்டார். வீட்டுக்கு வந்து இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். மேரி அடுப்பிலிருந்த குழம்பை இறக்கி வைத்துவிட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"தீவாளிக்கு வாட்ச்மேனுக்குத் துணி எடுக்கறப்போ முழம் போட்டுப் பாக்கற ஆளு அவுரு. உனுக்கு மட்டும் ஏன் சரின்னாரு?"

"நம்ம வேல சுத்தமா இருக்கும்னு யாராவது சொல்லியிருப்பாங்க."

"யாரு?"

லாரன்ஸ் யோசித்துப் பார்த்தான். ஒரு பெயரும் வரவில்லை. "நல்லது நடந்தாலும் உனுக்கு ஆவாது" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுத் தட்டை இழுத்துக்கொண்டான்.

போகவேண்டாம் என்று அவளால் சொல்ல முடியவில்லை. மெஷின் வாங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மகளிர் குழுவில் அவள் பெயரில் கடன் எடுத்து வாங்கியது. சிவப்பாக ஒரு சின்னப் பெட்டி. டிவிஎஸ் எக்ஸெல்லின் முன்னால் கால் வைக்கும் இடத்தில் அடங்கிவிடும். அதற்கு முன் லாரன்ஸ் திண்டிவனம் ரோட்டுப் பட்டறையில் கூலிக்கு இருந்தான். தினமும் காலையில் பட்டறை வாசலில் போய் நின்று, இன்றைக்கு வேலை உண்டா என்று முகத்தைப் பார்க்க வேண்டும். மேரி கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். இந்தப் பெட்டி வந்த பிறகுதான் அவலூர்பேட்டையிலிருந்துகூட "லாரன்ஸ் மேஸ்திரி" என்று போன் வந்தது. பெட்டி இல்லையென்றால் மேஸ்திரியும் இல்லை.

பம்பின் மேல் பக்கத்தை மேரி அண்ணாந்து பார்த்தாள். கண்ணாடி கண்ணுக்குத் தெரியவில்லை. மஞ்சளில் நனைத்துக் காயவைத்த துணியை அடியிலிருந்து நுனிவரை அதன்மேல் சுற்றியிருந்தார்கள். நடுவில் ஒரு முடிச்சு. முடிச்சுக்குள் காசு புடைத்துக்கொண்டிருந்தது. குங்குமம் வைத்து வேப்பிலைக் கொத்தும் செருகியிருந்தார்கள்.

தணிகாசலம் போனில் பேசிக்கொண்டே படியிறங்கி வந்தார். லாரன்ஸ் எழுந்து நின்றான்.

"மொதலாளி, கண்ணாடிய எறக்கி உள்ள வெச்சிட்டா வேல சுலுவா இருக்கும்."

"எறக்கக் கூடாதுப்பா. எங்கம்மா படுத்த படுக்கையா கெடந்தாங்கல்ல, அப்ப மலையனூரு அங்காளம்மன நெனச்சி முடிஞ்சது. இந்தப் பம்புதான எங்க குடும்பத்துக்கு சோறு போட்டுது, அதனால இதும்மேலயே முடிஞ்சிட்டாங்க. அம்மாவாசைக்கு அங்க எடுத்துனு போயி பூசாரி கையாலதான் அவுக்கணும். அதுவரைக்கும் வேற யாரும் கை வெக்கக் கூடாது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அதுலயும் நீங்க வேற... தப்பா எடுத்துக்காத" என்றார்.

"அய்யோ, அதெல்லாம் இல்லீங்க. நாங்க கிட்டவே போவமாட்டோம்."

"ஆனா கண்ணாடிக்கு நீதான் பொறுப்பு. பழைய சாமான். உலகத்துல எங்க தேடினாலும் கெடைக்காது." கல்லாவில் இருந்தவனுக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்.

"சரிங்க மொதலாளி."

மேரி அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தம்பிக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, அவள் அம்மாவும் இப்படித்தான் வேளாங்கண்ணிக்கு ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து சூசையப்பர் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். படம் பூஞ்சை பிடித்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். முடிச்சை யாரும் தொடவில்லை. ஒருவர் முடிந்ததை இன்னொருவர் அவிழ்ப்பது, அது எந்தச் சாமிக்கு முடிந்ததாக இருந்தாலும், அவளால் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள் மஞ்சள் துணியை அப்படியே விட்டுவிட்டாள்.

அவள் சந்தேகம் முழுவதும் பித்தளையின் மேல் விழுந்தது. பம்பில் பித்தளை நிறைய இருந்தது. பெட்ரோல் விடும் மூக்கு, கைப்பிடி உறை, எழுத்துப் பொறித்த ஒரு பட்டை. நாளைக்கு ஒன்று குறைகிறது என்று சொன்னால் யார் பதில் சொல்வது? லாரன்ஸைக் கழற்றச் சொல்லி, ஒவ்வொன்றையும் போனில் படம் பிடித்து, ஒரு தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுபோய்க் கல்லாவில் கொடுத்தாள்.

"எண்ணிப் பாத்து வாங்கிக்கங்க அண்ணே."

"இன்னாமா, நாங்க உங்கள நம்பாம இருப்பமா?" என்று கல்லாக்காரன் சிரித்தான். அந்தச் சிரிப்பையும் அவள் சந்தேகப்பட்டாள்.

பிறகு வேலையைத் தொடங்கினார்கள். தொப்பிக்கு அடியில் ஜாக்கியும் மரக்கட்டையும் கொடுத்து பாரத்தைத் தாங்கவைத்துவிட்டு, லாரன்ஸ் ஒரு குழாயை மட்டும் அறுத்து எடுத்தான். அளவு வெட்டி வைத்திருந்த புதுக் குழாயை அந்த இடத்தில் நிறுத்தி, தூக்குக் குண்டு விட்டுப் பார்த்து, அடியில் ஒரு வெல்டிங் பொட்டு, மேலே ஒரு பொட்டு வைத்தான். ஒரு குழாய் உறுதியான பிறகுதான் அடுத்ததைத் தொட்டான். கண்ணாடி இம்மியும் அசையவில்லை. குழாய்க்கும் மஞ்சள் துணிக்கும் நடுவில் மேரி ஒரு தகரத்தைப் பிடித்துக்கொண்டாள். தகரத்தின் மேல் நனைத்த சாக்கு. பொறி பறக்கும்போது சாக்கில் பட்டுச் சுர்ரென்று அணைந்தது. சாக்கு காயக் காயத் தண்ணீர் தெளித்தாள். பிடித்த கை மரத்துப்போனால் மறு கைக்கு மாற்றினாள். முந்தானையோ விரலோ துணியின் மேல் படாமல் பார்த்துக்கொண்டாள்.

லாட்ஜில் பெருக்கித் துடைக்கும் வள்ளியம்மாள் காலையிலிருந்து அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தாள். பெருக்கிய இடத்தையே திரும்பப் பெருக்கினாள். மேரி திரும்பிப் பார்த்தால் குனிந்துகொண்டாள்.

"வேவு பாக்க வுட்டிருக்காங்க" என்று மேரி லாரன்ஸின் காதில் சொன்னாள்.

"அது பாட்டுக்கு பெருக்குது. வுடு."

"குப்பையே இல்லாத எடத்துல இன்னாத்தப் பெருக்குது?"

மத்தியானம் தணிகாசலம் இரண்டு சாப்பாடு கொடுத்தனுப்பினார். அப்பளம், பாயசம் எல்லாம் இருந்தது. லாரன்ஸ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்து இலையை விரித்தான். மேரி பாயசத்தை முகர்ந்து பார்த்தாள். சாப்பாடு கொண்டுவந்த வள்ளியம்மாள் உடனே போகவில்லை. ஓட்டல் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலை அடக்கிக் கேட்டாள்.

"ஏம்மா, அந்தத் துணிய அவுத்துப் பாத்தீங்களா?"

மேரி கையில் எடுத்த சோற்றை இலையிலேயே போட்டாள். "நாங்க எதுக்கு அவுக்கணும்? சாமிக்கு முடிஞ்சத அவுக்கற குடும்பமா நாங்க?"

"அதுக்கில்லமா. எந்தச் சாமானா இருந்தாலும் கைல வாங்கறப்போ ஒருவாட்டி..."

"யக்கா, உன் வேலயப் பாரு. எங்கள மாட்டி வுடாத."

உள்ளிருந்து யாரோ வள்ளியம்மாளைக் கூப்பிட்டார்கள். அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கமே வரவில்லை.

"பாத்தியா?" என்றாள் மேரி. "தூண்டில் போட்டுட்டுப் போறா. நான் மட்டும் அதுல கை வெச்சிருந்தா, வேதக்காரங்க அம்மன் முடிச்ச அவுத்துட்டாங்கன்னு ஊரயே கூட்டியிருப்பாங்க. கூலியும் கெடைக்காது, அடிதான் கெடைச்சிருக்கும்."

லாரன்ஸ் முதல்முறையாகப் பாதி ஒப்புக்கொண்ட மாதிரி தலையாட்டினான். தான் ஒரு பெரிய பொறியிலிருந்து தப்பிவிட்டதாக மேரிக்குத் தோன்றியது. பாயசத்தைக் குடித்தாள். நன்றாகவே இருந்தது.

சாயங்காலம் கிளம்பும்போது, யாரும் கேட்காமலேயே சாப்பாட்டுப் பையைக் கல்லா மேசையில் தலைகீழாகக் கொட்டிக் காட்டினாள். தூக்குச் சட்டி, தண்ணீர் பாட்டில், வெற்றிலைச் சுருள், ஒரு கைத்துண்டு. லாரன்ஸின் சட்டைப் பையையும் வெளியே இழுத்துக் காட்டச் சொன்னாள். அவன் சிறுத்துப்போய் நின்றான். கல்லாக்காரன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இதெல்லாம் தேவையா?" என்றான். தேவை என்றுதான் அவள் நினைத்தாள்.

மறுநாள் மீதிக் குழாய்களையும் மாற்றினார்கள். கடைசிக் குழாய் நின்றதும் லாரன்ஸ் ஜாக்கியை மெல்ல இறக்கினான். தொப்பியின் பாரம் நாலு குழாய்களின் மேலும் சமமாக உட்கார்ந்தது. அவன் பம்பைக் கட்டிப்பிடித்து ஆட்டிப் பார்த்தான். ஆடவில்லை. மேரி கசடு தட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இணைப்பு எங்கே என்று தெரியாதபடிக்குச் செய்தாள். கறுப்புப் பெயின்ட் அடித்து முடித்தபோது, பம்பு புது மாப்பிள்ளை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. இவ்வளவு நல்ல வேலையை அவர்கள் இதுவரை செய்ததில்லை. லாரன்ஸ் அதை நாலு பக்கமும் சுற்றி வந்து போனில் படம் எடுத்துக்கொண்டான்.

நாலு மணி வாக்கில் ஒரு கார் வந்து நின்றது. சென்னைக்காரன் இறங்கினான். பெயர் ஆதவன். கடற்கரை ரோட்டில் காபிக்கடை வைத்திருக்கிறானாம். தாடியும் வெள்ளை ஷூவுமாக வந்தவன் நேராகக் குழாயைத்தான் தொட்டுப் பார்த்தான்.

"சூப்பரா பண்ணியிருக்கீங்கண்ணா" என்றான். லாரன்ஸ் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"எல்லாம் நம்ம பசங்கதான். எப்படி, கண்ணாடியப் பாத்துடலாமா?" என்று கேட்டுக்கொண்டே தணிகாசலம் ஸ்டூலைப் போட்டு ஏறினார். வேப்பிலையைப் பிடுங்கிக் கீழே போட்டார். முடிச்சில் நகத்தை விட்டு இழுத்தார்.

மேரி ஓரடி முன்னால் வந்தாள். "மொதலாளி, பூசாரிதான் அவுக்கணும்னீங்க?"

அவர் இன்னொரு இழுப்பு இழுத்தார். முடிச்சு அவிழ்ந்து, உள்ளே இருந்தது கல்லின் மேல் விழுந்து உருண்டு வந்து அவள் காலடியில் நின்றது. காசு இல்லை. நடுவில் ஓட்டை போட்ட வாசர். லாரிச் சக்கரத்துப் போல்ட்டுக்குப் போடுகிற வாசர்.

துணி சுற்றுச் சுற்றாகக் கழன்றது. கடைசிச் சுற்று இன்னும் கண்ணாடியின் மேல் இருந்தபோதே தணிகாசலம் "அய்யய்யோ" என்று தலையில் அடித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் துணி முழுவதும் விழுந்தது. கண்ணாடியின் நுனியிலிருந்து அடிவரைக்கும் ஒரு விரிசல் வளைந்து இறங்கியிருந்தது.

"இன்னாடா பண்ணி வெச்சிருக்கீங்க? சூடு காட்டி வெடிக்க வுட்டுட்டீங்களேடா!"

லாரன்ஸ் கண்ணாடியையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தான். தான்தான் செய்துவிட்டோமோ என்று அவன் முகத்தில் ஒரு பயம் வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் மேரி அவனுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"சூடு படவேயில்ல மொதலாளி. ரெண்டு நாளும் ஈரச் சாக்கோட நான் நின்னுக்கினு இருந்தேன். இந்த விரிசல் இன்னிக்கு வுட்டதே இல்ல." அவர் இறங்கியதும் ஸ்டூலில் ஏறிக் கண்ணாடியின் அருகில் முகத்தைக் கொண்டுபோனாள். விரிசல் நெடுகிலும் பசை காய்ந்து மினுமினுத்தது. "சார், இங்க வந்து பாருங்க சார். பசை போட்டு ஒட்டியிருக்காங்க. முன்னாடியே வுட்டுப்போனத ஒட்டி, துணியச் சுத்தி வெச்சிட்டாங்க."

ஆதவன் வந்து பார்த்தான். நகத்தால் விரிசலைச் சுரண்டினான். பசை செதிலாகப் பெயர்ந்து அவன் விரலில் ஒட்டியது. அதை உருட்டிப் பார்த்தான், கால்சட்டையில் துடைத்தான்.

"இத உங்களுக்குள்ள பேசிக்கங்கக்கா" என்றான். பிறகு தணிகாசலத்திடம், "அங்கிள், கிளாஸ் போயிடுச்சுன்னா நான் சொன்ன ரேட் வராது. பைபர்ல ஒண்ணு செஞ்சி மாட்டிக்கறேன், பரவால்ல. ஆனா அதைக் கழிச்சிக்கணும். லாரி அஞ்சு மணிக்கு வந்துடும்" என்றான்.

"கழிச்சிக்கப்பா. உன்மேல தப்பில்ல. யார்கிட்ட வாங்கணுமோ அவங்ககிட்ட நான் வாங்கிக்கறேன்."

வாங்குகிறவனுக்கு விலை குறைந்தது. விற்கிறவருக்கு அந்த நஷ்டத்தைக் கட்ட ஆள் கிடைத்தது. இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

தணிகாசலம் லாரன்ஸின் பக்கம் திரும்பினார். இப்போது அவர் குரலில் கோபம்கூட இல்லை. "கூலி கண்ணாடிக்குக் கழிஞ்சிடும். அது பத்தாது. மீதியக் கொண்டாந்து குடுக்கற வரைக்கும் மெஷின் இங்க இருக்கட்டும்."

"மெஷினா?" என்றாள் மேரி.

"இல்லன்னா ஸ்டேஷனுக்குப் போலாம். கண்ணாடிக்கு நான் பொறுப்புன்னு இவன் ஒத்துக்கினத கல்லால இருந்தவனே கேட்டிருக்கான்."

"சாமி பேரச் சொல்லி வாசர முடிஞ்சி வெச்சவரு, ஸ்டேஷனுக்கு வேற போவீங்களா?" அவள் வாசரை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். கல்லாக்காரன் வேறெங்கோ பார்த்தான். படிக்கட்டருகில் வள்ளியம்மாள் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். மேரி அவளிடம் ஓடினாள். "யக்கா, உனுக்குத் தெரியும். இது எப்ப வுட்டுது? யாரு கைல வுட்டுது? சொல்லுக்கா."

வள்ளியம்மாள் தணிகாசலத்தைப் பார்த்தாள். தணிகாசலமும் அவளைப் பார்த்தார்.

"எனக்கு இன்னாமா தெரியும். நான் பெருக்கறவ" என்றாள். மேரி அவள் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். வள்ளியம்மாள் கையை விடுவித்துக்கொண்டு, உதடு அசையாமல், மேரிக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "நேத்தே அவுத்துப் பாக்கச் சொன்னனேமா."

மில் மாவை நிறுத்துப் பார்த்தவள், பாயசத்தை முகர்ந்து பார்த்தவள், தன் மேல் இரக்கப்பட்டு வந்த ஒருத்தியைத்தான் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்துத் துரத்தியிருக்கிறாள். அந்த வெட்கம் தணிகாசலத்தின் மேலிருந்த கோபத்தைவிட அதிகமாகச் சுட்டது. அவள் நேராக மரத்தடிக்குப் போய் மெஷினின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"வந்து தூக்கிப் பாருங்க" என்றாள்.

தணிகாசலம் அவளைப் பொருட்படுத்தவில்லை. போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, "ஏட்டய்யா இருக்காரா?" என்று கேட்டபடி நகர்ந்தார். ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர் கை கழுவாமல் எழுந்து வந்து பார்த்தார்கள்.

லாரன்ஸ் அவள் பக்கத்தில் வந்து குந்தினான். "ஏந்திரி மேரி."

"மாட்டேன்."

"ஸ்டேஷனுக்குப் போனா மெஷினும் போவும், நானும் உள்ள போவேன். இங்க இருந்தா மெஷினு மட்டுந்தான். ஏந்திரி. நாலு பேரு பாக்கறாங்க."

"நீ ஒண்ணும் பண்ணல. நீ பண்ணலன்னு உனுக்காவது தெரியுதா?"

லாரன்ஸ் அவள் முழங்கையைப் பிடித்துத் தூக்கினான். அவள் எழுந்தாள். உட்கார்ந்திருந்த இடத்தில் படிந்த தூசியை அவன் உள்ளங்கையால் துடைத்துவிட்டான்.

தணிகாசலம் போனைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். "ஓடற மெஷினா, ஓட்ட மெஷினான்னு எனக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு, நல்லா இருந்தத கெடுத்துட்டேன்னு நீ சொல்லுவ. ஒருவாட்டி போட்டுக் காட்டு."

லாரன்ஸ் ஒயரைச் செருகினான். அறுத்துப் போட்ட பழைய குழாய்த் துண்டு ஒன்றை எடுத்து, எர்த் கிளிப்பை மாட்டி, ராடால் தட்டினான். வெளிச்சம் பளிச்சென்று எழுந்தது. தணிகாசலமும் ஆதவனும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். துருப்பிடித்த இரும்பிலும் வெல்டு சீராக ஒரு விரற்கடை நீளத்துக்கு ஓடியது.

"போதும், போதும். ஓடுது."

"உடனே ஆப் பண்ணக் கூடாதுங்க. உள்ள காத்தாடி கொஞ்ச நேரம் சுத்தணும். சூட்டோட நிறுத்தினா போர்டு போயிடும்" என்றான் லாரன்ஸ். எல்லாரும் காத்தாடி சுற்றுவதைக் கேட்டபடி நின்றார்கள். பிறகு அவன் ஒயரை, தினமும் சுற்றுவதைப் போலவே, முழங்கையில் போட்டு அளவாகச் சுற்றி முடிச்சுப் போட்டான். மாடிப்படிக்கு அடியில் சாமான் போடுகிற அறையைத் தணிகாசலம் திறந்துவிட்டார். லாரன்ஸே மெஷினைத் தூக்கிக்கொண்டு போனான்.

உள்ளே பழைய மெத்தைகளும் பினாயில் டப்பாக்களும் கிடந்தன. தரை ஈரமாக இருந்தது.

"தரையில வெக்க வேணாம் மொதலாளி, ஓதம் ஏறிடும். எலி வேற ஒயரக் கடிக்கும்."

"வேற எங்கப்பா வெக்கறது? எடம் இல்ல."

லாரன்ஸ் மெஷினை மேரியின் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனான். அவள் குழந்தையை ஏந்துகிற மாதிரி அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். அதில் இன்னும் சூடு இருந்தது. வாசலில் லாரி பின்னால் வரும் சத்தம் கேட்டது. பம்பைப் பார்த்துத் தூக்குங்கள், குழாயைப் பிடித்தே தூக்கலாம், உறுதியாக இருக்கிறது என்று ஆதவன் ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். லாரன்ஸ் எங்கிருந்தோ நாலு செங்கல்லோடு வந்தான். ஈரமில்லாத மூலையாகப் பார்த்து அவற்றைப் பரப்பினான். அவள் கையிலிருந்த மெஷினை வாங்கி அதன்மேல் வைத்தான். அழுத்திப் பார்த்தான். ஒரு பக்கம் லேசாக ஆடியது. பினாயில் டப்பாவின் அட்டையைக் கிழித்து, மடித்து, அந்தச் செங்கல்லுக்கு அடியில் செருகினான். மறுபடி அழுத்திப் பார்த்தான். ஆட்டம் நின்றிருந்தது.

"இப்ப பத்தரமா இருக்குங்க" என்றான்.

தணிகாசலம் அவர்கள் இருவரும் வெளியே வரும்வரை காத்திருந்து கதவைச் சாத்தினார். பூட்டைப் போட்டு, இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.